ஓ.பி. சீட்டில் எழுதப்படாத நோய்

படுத்தால் உறக்கம் பிடிப்பதில்லை. பிடித்தாலும் நடுஇரவில் கலைந்துவிடுகிறது. அல்லது விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழிப்புத் தட்டி, பிறகு கண் மூட முடிவதில்லை. இந்த மூன்றில் ஏதாவது ஒன்று வாரத்தில் 3 இரவுகளாவது வந்து, 3 மாதங்களுக்கு நீடித்து, பகல் பொழுதையும் கெடுத்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை நோய். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டின் ஐந்தாம் பதிப்பு வகுத்த அளவுகோல் இது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆம் வகைப்பாடு, உறக்கக் கோளாறுகளுக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறது. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், வயது வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு தூக்கமின்மை அறிகுறி இருக்கிறது. நோய் என்று சொல்லும் அளவுக்கு முற்றியவர்கள் 6 முதல் 10 சதவீதம். மருத்துவமனைக்கு வரும் புறநோயாளிகளிடம் இந்த விகிதம் பொதுமக்களைவிட அதிகம்.

மேற்சொன்ன அளவுகோலில் ஒரு நிபந்தனையும் உண்டு. உறங்கப் போதிய நேரமும் தகுந்த சூழலும் இருந்தும் உறக்கம் வராமல் இருக்க வேண்டும். நேரமே கிடைக்காதவருக்கு இருப்பது உறக்கப் பற்றாக்குறை. அதற்கு மருந்து ஓய்வுதான். ஏட்டில் தெளிவாக இருக்கும் இந்தக் கோடு, அரசு மருத்துவமனை ஓ.பி. வரிசையில் மங்கிவிடுகிறது. ஐந்து பேர் படுக்கும் ஒற்றை அறையில், புழுக்கத்திலும் கொசுக்கடியிலும் எட்டு மணி நேரம் புரண்டு கிடப்பவருக்குத் தகுந்த சூழல் இருக்கிறது என்று எந்தக் கணக்கில் சொல்வது? தூக்கமின்மையின் காரணத்தை உடலில் மட்டும் தேடினால் பாதிதான் அகப்படும். மீதி, அவர் குடியிருக்கும் வீட்டிலும் பார்க்கும் வேலையிலும் குடும்பத்தில் சுமக்கும் பொறுப்பிலும் இருக்கிறது.

சொல்லப்படாத புகார்

தூக்கம் வரவில்லை என்பதற்காக மட்டும் ஓ.பி. சீட்டு வாங்குபவர்கள் குறைவு. தலைபாரம், உடம்பு அசதி, கண் எரிச்சல், படபடப்பு, செரிமானக் கோளாறு என்றுதான் பேச்சு தொடங்கும். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாதாமாதம் மாத்திரை வாங்க வருபவர்கள், இரவு படும் பாட்டை வயதின் கோளாறு என்றோ குடும்பக் கவலை என்றோ தங்களுக்குள் முடித்துக்கொள்கிறார்கள். கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பதே சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களில் மருத்துவர் கேட்பதில்லை, நோயாளி சொல்வதில்லை.

கேட்பதற்கு அதிக நேரம் பிடிக்காது. வாரத்தில் எத்தனை இரவு இப்படி, மறுநாள் வேலை எப்படி ஓடுகிறது என்ற இரண்டு கேள்விகளே பலரை அடையாளம் காட்டிவிடும். அதற்கு மேல் அளக்க 'தூக்கமின்மைத் தீவிரக் குறியீடு' என்ற 7 கேள்விப் பட்டியல் இருக்கிறது. அதில் 28-க்கு 15-ம் அதற்கு மேலும் வந்தால் சிகிச்சை தேவைப்படும் அளவு தூக்கமின்மை என்று பொருள். ஏதென்ஸ் தூக்கமின்மை அளவுகோல் என்ற இன்னொரு பட்டியலில் 8 கேள்விகள். 24-க்கு 6 என்பது எல்லை. புறநோயாளிகளிடம் நடக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் இத்தகைய பட்டியல்களையே பயன்படுத்துகின்றன.

கவலை போனாலும் போகாத விழிப்பு

உறக்கத்தை இரண்டு விசைகள் நடத்துகின்றன என்று 1982-ல் உறக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி விளக்கினார். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறிக்கொண்டே போகும் உறக்க அழுத்தம் ஒன்று. இரவு பகலை ஒட்டி ஓடும் உடல் கடிகாரம் மற்றொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் கூடும்போது ஆழ்ந்த உறக்கம் வருகிறது. மாலையில் நீண்ட குட்டித்தூக்கம் அழுத்தத்தைக் குறைத்துவிடும். இரவு ஷிப்ட் கடிகாரத்தையே இடம் மாற்றிவிடும். இவற்றோடு மனம் பதற்றத்தில் விழித்து நிற்பதும் சேர்ந்தால் உறக்கம் தள்ளிப்போகும்.

ஒரு கெட்ட வாரம் எப்படி ஆண்டுக்கணக்கான நோயாகிறது என்பதற்கு உறக்க ஆய்வாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1987-ல் கொடுத்த விளக்கம் இன்றும் நிற்கிறது. பிறவியிலோ வளர்ப்பிலோ வரும் முன்சாய்வு, தொடங்கிவைக்கும் நெருக்கடி, நீட்டித்துவிடும் பழக்கம் என்று அவர் மூன்றாகப் பிரித்தார். சாவு, வேலை இழப்பு, கடன், பிரசவம், அறுவை சிகிச்சை போன்றவை தொடங்கிவைக்கின்றன. நெருக்கடி தீர்ந்த பிறகும் சீக்கிரமே போய்ப் படுப்பது, பகலில் ஈடுகட்டுவது, மணி பார்த்துக்கொண்டே கிடப்பது, 'இன்றும் வராதோ' என்று அஞ்சுவது ஆகிய பழக்கங்கள் தங்கிவிடுகின்றன. சமூகப் பின்னணி இந்த மூன்று படிகளிலும் கைவைக்கிறது. ஏழைக் குடும்பத்தில் நெருக்கடிகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று தீருமுன் மற்றொன்று தொடங்குவதால் உறக்கம் பழைய நிலைக்குத் திரும்ப இடைவெளியே கிடைப்பதில்லை.

சென்னையில் அளந்த இரவு

வறுமைக்கும் உறக்கத்துக்கும் உள்ள தொடர்பை நேரடியாக அளந்த ஆய்வுகளில் முக்கியமான ஒன்று சென்னையில் நடந்தது. பெட்ரோ பெசோனே, கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட், மேட்டி டோமா ஆகிய பொருளியலாளர்கள் நகரின் 452 குறைந்த வருமான உழைப்பாளர்களை ஒரு மாதத்துக்குத் தரவுப் பதிவு வேலையில் அமர்த்தினார்கள். மணிக்கட்டில் கட்டும் அசைவுமானி, அவர்கள் உண்மையில் எவ்வளவு நேரம் உறங்கினார்கள் என்று பதிவு செய்தது. முடிவுகள் 2021-ல் வெளியாயின.

படுக்கையில் இருந்தது ஏறத்தாழ 8 மணி நேரம். உறங்கியதோ சுமார் 5½ மணி நேரம். படுத்திருக்கும் நேரத்தில் 85 சதவீதமாவது உறக்கமாக இருப்பதே நல்ல உறக்கம் என்பது மருத்துவக் கணக்கு. இங்கே 70 சதவீதத்தை ஒட்டியே நின்றது. உறக்கம் இரவு முழுக்கத் துண்டு துண்டாக உடைந்திருந்தது. வெக்கை, தெருச் சத்தம், கொசு, வெளிச்சம், படுக்கை வசதியின்மை ஆகியவை அந்த வீடுகளில் சாதாரணம்.

கண்மறைப்பு, காதடைப்பான், மெத்தை, மின்விசிறி போன்ற பொருள்களையும் ஆலோசனையையும் கொடுத்தபோது இரவு உறக்கம் சராசரியாக 27 நிமிடம் கூடியது. ஆனால் வேலைத் திறனிலோ அறிவாற்றலிலோ மனநலத்திலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தென்படவில்லை. மாறாக, வேலையிடத்தில் அமைதியான மூலையில் மதியம் அரை மணி நேரம் படுக்க அனுமதிக்கப்பட்டவர்களின் வேலைத் திறன், கவனம், மனநலம் மூன்றும் மேம்பட்டன. அந்த நேரத்தில் இடைவேளையின்றி வேலை செய்தவர்களோடு ஒப்பிட்டால் குட்டித்தூக்கம் போட்டவர்களின் மொத்த வருமானம் குறைந்தது என்பதும் உண்மை. கூலிக்காரருக்கு ஓய்வுக்கும் விலை உண்டு.

இந்த ஆய்வு தூக்கமின்மை நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொண்டதல்ல. எனினும் ஓ.பி.க்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. 'எட்டு மணி நேரம் படுக்கிறேன்' என்று நோயாளி சொல்வதை எட்டு மணி நேர உறக்கமாக எழுதிக்கொள்ளக் கூடாது. உறக்கத்தின் தரம் உடையும் வீட்டில், நேரத்தை மட்டும் நீட்டினால் பலன் குறைவு.

வெக்கையின் பங்கு இனி கூடத்தான் செய்யும். 68 நாடுகளில் 47,000-க்கும் மேற்பட்டவர்களின் மணிக்கட்டுக் கருவிப் பதிவுகளை வைத்து 2022-ல் வந்த ஆய்வு, இரவு வெப்பம் ஏற ஏற உறக்கம் குறைவதையும், முதியவர்களும் பெண்களும் குறைந்த வருமான நாடுகளில் வாழ்பவர்களும் அதிகம் இழப்பதையும் காட்டியது. கான்கிரீட் கூரை பகல் வெப்பத்தை இரவு வரை தேக்கிவைக்கும். ஏ.சி. இருக்கும் வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் சித்திரை, வைகாசி இரவுகள் ஒன்றாக இருப்பதில்லை.

பெண்களின் கணக்கு

ஆண்களைவிடப் பெண்களுக்குத் தூக்கமின்மை சுமார் 1.4 மடங்கு அதிகம் என்று பல ஆய்வுகளைத் தொகுத்த கணக்கு சொல்கிறது. மாதவிடாய், கர்ப்பம், மாதவிடாய் நிற்கும் காலத்தில் திடீரெனப் பரவும் உடல் சூடு ஆகியவை இதற்கான உடற்காரணங்கள். அவற்றால் மட்டும் இந்த இடைவெளி முழுதாக விளங்கிவிடாது.

இந்தியாவில் 2019-ல் நடந்த முதல் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். கடைசியாகப் படுத்து முதலில் எழுவது, குழந்தை அழுதால் எழுவது, படுக்கையில் கிடக்கும் மாமியாரைத் திருப்பிப் படுக்கவைப்பது, குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குக் குடத்தோடு நிற்பது எல்லாம் இந்தக் கணக்கின் இரவுப் பகுதி. குடித்துவிட்டு வரும் கணவனுக்கு அஞ்சி விழித்திருக்கும் பெண்ணுக்கு உறக்க மாத்திரை கொடுப்பது சிகிச்சையும் ஆகாது, பாதுகாப்பும் ஆகாது. அவரிடம் வீட்டு நிலைமையை விசாரிப்பதே முதல் பரிசோதனை.

இரும்புச்சத்துக் குறைவும் இதோடு சேர்கிறது. படுத்தவுடன் கால்களில் ஊறல், குடைச்சல், ஆட்டியே தீர வேண்டும் என்ற உந்துதல் வருவது கால் அமைதியின்மை நோய். இரும்புச் சேமிப்பு குறைந்தவர்களிடம் இது அதிகம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. 'கால் குடைச்சல்' என்று சொல்லும் பெண்ணுக்கு வலி மாத்திரை எழுதுவதற்கு முன் ரத்தப் பரிசோதனை எழுதுவது, அவருடைய தூக்கத்தையும் மீட்கக்கூடும்.

ஷிப்ட், கடன், தனிமை

ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம் தொழிற்சாலைகளிலும் பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள், கால்சென்டர் அலுவலகங்களிலும் இரவு வேலை வழக்கமாகிவிட்டது. காவல்துறையினர், செவிலியர், லாரி ஓட்டுநர், காவலாளிகள் ஆகியோரின் நிலையும் இதுவே. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறினால் உடல் கடிகாரம் ஒரு நேரத்துக்குப் பழகுவதற்குள் அடுத்தது வந்துவிடும். பகலில் படுப்பவருக்கு வெளிச்சமும் வெக்கையும் வீட்டார் பேச்சும் தடை. பலர் சேர்ந்து தங்கும் அறையில் ஒருவர் எழும் நேரம் இன்னொருவர் படுக்கும் நேரம். இரவுப் பணி புற்றுநோய்க்கு அநேகமாகக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-ல் வகைப்படுத்தி, 2019-ல் அதையே உறுதி செய்தது.

வேலை இருப்பவரை ஷிப்ட் அலைக்கழித்தால், வேலை இல்லாதவரைக் கவலை அலைக்கழிக்கிறது. வேலையின்மை, குறைந்த கல்வி, குறைந்த வருமானம், துணையை இழத்தல், மணமுறிவு ஆகியவற்றுக்கும் தூக்கமின்மைக்கும் உள்ள தொடர்பு பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. வாரத் தவணை கட்ட வேண்டிய குழுக் கடனும், பள்ளி திறக்கும் மாதமும், நிச்சயமில்லாத தினக்கூலியும் படுக்கைக்குக் கூடவே வருகின்றன. ஆண்களில் பலர் உறக்கத்துக்காகவே குடிக்கிறார்கள். மது முதலில் கண்ணை இழுத்துச் செல்லும். பின்னிரவில் உறக்கத்தை உடைத்து விழிக்க வைக்கும். மறுநாள் அசதிக்குத் தேநீர், இரவுக்கு மீண்டும் மது என்று சுழற்சி இறுகுகிறது.

முதுமையில் ஆழ்ந்த உறக்கம் இயல்பாகவே குறைகிறது. உடல் கடிகாரம் முன்னே நகர்ந்து, சீக்கிரம் உறக்கமும் சீக்கிரம் விழிப்பும் வருகின்றன. அது நோயல்ல. சர்க்கரையாலோ புராஸ்டேட் வீக்கத்தாலோ இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது, மூட்டுவலி, துணையின் மறைவு, பிள்ளைகள் வெளியூரில் இருக்க வெறிச்சோடிய வீடு ஆகியவை சேரும்போதுதான் நோயாகிறது. பகலில் செய்ய வேலையும் பேச ஆளும் இல்லாத முதியவர் பொழுதெல்லாம் அயர்ந்துவிடுவதால், இரவுக்கான உறக்க அழுத்தம் சேர்வதே இல்லை.

வசதி படைத்தவர்களும் இதற்கு விலக்கல்ல. கைப்பேசியும் அலுவலக நெருக்கடியும் அவர்களையும் விழிக்க வைக்கின்றன. வேறுபாடு மீளும் வழியில் இருக்கிறது. தனி அறை, விடுப்பு, ஆலோசகருக்குக் கொடுக்கப் பணம் ஆகியவை உள்ளவர் சில வாரங்களில் மீள்கிறார். இல்லாதவருக்கு அதுவே ஆண்டுகளாகிறது.

எண்களைப் படிக்கும் விதம்

ஏழ்மையிலிருந்து நேராகத் தூக்கமின்மைக்குக் கோடு போட்டுவிட முடியாது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் 8 நாடுகளில் 50 வயதைக் கடந்த ஏறத்தாழ 44,000 பேரிடம் எடுக்கப்பட்டு 2012-ல் வெளிவந்த ஆய்வில், கடுமையான உறக்கச் சிக்கல் இருந்தவர்கள் மொத்தத்தில் 16.6 சதவீதம். வங்கதேசப் பெண்களில் அது 40 சதவீதத்தைத் தாண்டியது. இந்தியா, இந்தோனேசியா ஆய்வு மையங்களில் 10 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. வறுமை இருந்தும் எண்கள் இப்படி விலகுவதற்கு ஊரின் வாழ்க்கை முறை, குடும்ப ஆதரவு, கேள்வியை மக்கள் புரிந்துகொள்ளும் விதம் எல்லாம் காரணமாகலாம்.

ஓ.பி.யில் எடுக்கும் கணக்கை ஊர்க் கணக்காக நீட்டவும் கூடாது. அங்கே வருபவர்கள் ஏற்கெனவே நோயாளிகள். மருத்துவமனை அரசுடையதா தனியாருடையதா என்பதைப் பொறுத்து வருமானமும் மாறும். ஒரே நாளில் கேட்டு எழுதும் ஆய்வு, எது முந்தியது என்பதையும் சொல்லாது. வேலை போனதால் உறக்கம் போயிருக்கலாம். உறக்கம் கெட்டு வேலை போயிருக்கவும் கூடும். மனச்சோர்வின் அறிகுறியாகத் தூக்கமின்மை வருவது போலவே, தூக்கமின்மை உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று நெடுங்கால ஆய்வுகளின் தொகுப்பு காட்டியுள்ளது. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றோடும் இதே இருவழித் தொடர்பு உண்டு.

கையெட்டும் தூரத்தில் மாத்திரை

அல்பிரசோலம், டயசிபாம், சோல்பிடம் ஆகியவை இந்தியாவில் 2014 மார்ச் முதல் எச்-1 அட்டவணையில் இருக்கின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நடைமுறையில் பழைய சீட்டைக் காட்டி வாங்குவதும், உறவினரின் மாத்திரையைக் கேட்டுப் போடுவதும், சளி மாத்திரையைத் தூக்கத்துக்கு விழுங்குவதும் நடக்கின்றன.

சில நாள் நெருக்கடிக்கு இந்த மாத்திரைகள் உதவும். வாரங்கள் கடந்தால் அதே அளவு போதாமல் போகும். திடீரென நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையான தூக்கமின்மையும் பதற்றமும் வரும், சிலருக்கு வலிப்பும் வரலாம். முதியவர்கள் இரவில் எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கும் இவை காரணமாகின்றன. பல மாதங்கள் சாப்பிட்டவர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் சிறுகச் சிறுகத்தான் குறைக்க வேண்டும். சத்தமாகக் குறட்டை விட்டு, மூச்சு நின்று திணறி எழுபவருக்கு இருப்பது உறக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். அவருக்கு இத்தகைய மாத்திரை ஆபத்தாகக்கூடும்.

மாத்திரையில்லாச் சிகிச்சை

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை அறிவாற்றல்-நடத்தை சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-ல் அறிவித்தது. ஐரோப்பிய வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. வழக்கமாக 4 முதல் 8 அமர்வுகள். முதலில் இரண்டு வாரங்களுக்கு உறக்கக் குறிப்பு எழுதப்படுகிறது. உண்மையில் உறங்கும் சராசரி நேரத்துக்குப் படுக்கை நேரம் சுருக்கப்படுகிறது. 5 மணி நேரத்துக்குக் கீழே போவதில்லை. படுத்திருக்கும் நேரத்தில் உறக்கம் 85 சதவீதத்தைத் தொட்டதும் 15 நிமிடம் கூட்டப்படுகிறது. இருபது நிமிடம் போல உறக்கம் வராவிட்டால் எழுந்துவிட வேண்டும். எந்த நேரம் உறங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் இருதுருவ மனநோய் உள்ளவர்களுக்கும் கனரக வாகனம் ஓட்டுபவர்களுக்கும் படுக்கை நேரத்தைச் சுருக்குவதில் எச்சரிக்கை தேவை.

'சீக்கிரம் படு, காபி குடிக்காதே, அறையை இருட்டாக்கு' என்ற அறிவுரைப் பட்டியலை மட்டும் தனிச் சிகிச்சையாகக் கொடுப்பதை அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2021-ல் பரிந்துரைக்கவில்லை. அந்தப் பட்டியல் தனிப் படுக்கையறையும் தன் விருப்பப்படி அமையும் நேரமும் இருப்பதாக எடுத்துக்கொண்டு பேசுகிறது. ஓரறை வீட்டில் 'எழுந்து வேறு அறைக்குப் போங்கள்' என்றால் நடக்காது. பாயைவிட்டு எழுந்து திண்ணையிலோ நாற்காலியிலோ மங்கலான வெளிச்சத்தில் உட்காரலாம். கொசுவலையும் மின்விசிறியும் வாங்க முடிந்தவர்களுக்கு அவையும் சிகிச்சையின் பகுதிதான். மாலை 4 மணிக்கு மேல் டீ, காபியைத் தவிர்ப்பது எந்த வீட்டிலும் முடியும். காஃபினின் பாதி அளவு உடலிலிருந்து நீங்கவே சுமார் 5 மணி நேரம் ஆகிறது. இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வருபவர் வெயிலைத் தவிர்த்து வந்து, ஜன்னலைத் துணியால் மறைத்துப் படுப்பது பயன்தரும்.

ஓ.பி.யில் செய்யக்கூடியவை

உறக்கம் பற்றிய இரண்டு கேள்விகளோடு வீடு, வேலை, கடன், குடி, வீட்டு வன்முறை பற்றிய சில கேள்விகளும் சேர்ந்தால் நோயாளியைப் பிரித்தறிய முடியும். வலி, மூச்சிரைப்பு, தைராய்டு, சர்க்கரை போன்ற உடற்காரணம் இருந்தால் அதற்குச் சிகிச்சை. நீர்பிரிப்பு மாத்திரையோ ஸ்டீராய்டோ மாலையில் எடுப்பவருக்கு நேரத்தை மாற்றிக் கொடுத்தாலே போதுமானதாக இருக்கலாம். மனச்சோர்வோ தற்கொலை எண்ணமோ இருந்தால் மனநலப் பிரிவுக்கு அன்றைக்கே அனுப்ப வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீடு தேடிப் போகும் ஊழியர்களுக்கு, ஓ.பி. மேசையிலிருந்து தெரியாத படுக்கையிடம் கண்முன்னே தெரியும். உறக்கத்தைப் பற்றியும் அவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம்.

மருத்துவமனையால் முடியாத பங்கும் உண்டு. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அதைக் காப்பது காவல் நிலையத்தின் பொறுப்பு. ஷிப்ட் அட்டவணையை நிதானமாக மாற்றுவதும் மதிய ஓய்வுக்கு இடம் ஒதுக்குவதும் முதலாளியின் கையில் இருக்கின்றன. வெப்பம் தாங்கும் கூரை வீட்டுவசதித் துறையின் வேலை. இரவுக் கண்விழிப்பைப் பங்கிட்டுக்கொள்வது வீட்டு ஆண்களின் வேலை.